கூடி வந்த கேஷும் குறைஞ்சு வந்த கிராவிட்டியும்

டிஸ்கி: இது பியர் பற்றிய பதிவு. குடிக்கிறதைப் பற்றி இல்லை, அளக்கிறதைப் பற்றி. எழுதறவன் உட்கார்ந்திருக்கிறது அகமதாபாத்தில். 1960ல் மாநிலம் பிறந்த நாள்லேர்ந்து மதுவிலக்கு உள்ள ஊர். அதனால "சார், ரெசிப்பி கொடுங்க"ன்னு கேட்கிறவங்க இப்பவே அடுத்த கடைக்குப் போயிடலாம். பதிவில் வர்ற பியர் முழுக்க அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில், என் அக்கா பையன் வீட்டு அடுப்பில் காய்ச்சினது. அங்கே அது சட்டப்படி சரி. 1978ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், 1979 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. ஒரு வீட்டில் வயசுக்கு வந்தவங்க இரண்டு பேர் இருந்தா வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் விற்பனைக்கு இல்லாம சொந்தத்துக்குக் காய்ச்சிக்கலாம். நம்ம நாட்டில் அது மாநில எக்சைஸ் சமாச்சாரம், லைசென்ஸ் இல்லாம தொடாதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பேங்கில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவங்களுக்கு ஒண்ணு தெரியும். சாயங்காலம் கேஷ் டேலி பண்றப்போ ஆயிரம் ரூபாய் குறைஞ்சா கேஷியருக்கு வயிறு கலங்கும். ஆயிரம் ரூபாய் கூடினா? வெளியில இருக்கிறவங்க "அட, லாபம்தானே"ன்னு சொல்வாங்க. உள்ளே இருக்கிறவனுக்கு அதே வயிறு, அதே கலக்கம். அந்த ஆயிரம் யாரோ ஒருத்தரோட பணம். குறைச்சுக் கொடுத்தோமா, ஏதாவது வவுச்சர் விட்டுப் போச்சா, வரவு வைக்காம விட்டோமான்னு அன்னிக்கே தேடணும். கிடைக்கலைன்னா தனிக் கணக்கில் வரவு வெச்சு எழுதி வைக்கணும். கூடுதலை பாக்கெட்டில் போடறவனை எந்த பிராஞ்சிலும் நல்லவன்னு சொல்றதில்லை.

இதே புத்தியை வீட்டில் பியர் காய்ச்சற பசங்களுக்கு ஊட்டணும்கிறதுதான் இந்தப் பதிவோட மொத்த நோக்கம். ஏன்னா அந்த உலகத்தில் கிராவிட்டி அதிகமா நின்னுட்டா பஞ்சாயத்தே நடக்குது. எதிர்பார்த்ததை விடக் குறைஞ்சு வந்தா கைதட்டிட்டுப் போயிடறாங்க. என் கட்சி, குறைஞ்சு வந்ததுதான் முதல்ல விசாரிக்க வேண்டிய கேஸ்.

கிராவிட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு (தங்கமணி உட்பட): நம்ம ஊர்ல பால்காரர்கிட்ட லாக்டோமீட்டர் பார்த்திருப்பீங்க. அதோட அண்ணன்தான் ஹைட்ரோமீட்டர். தண்ணியில் 1.000 காட்டும். முளைகட்டின பார்லியை வெந்நீரில் ஊற வெச்சு எடுத்த இனிப்புச் சாறு தண்ணியை விட அடர்த்தி, அதனால குச்சி மேலே மிதக்கும், 1.050 மாதிரி காட்டும். இது ஓபனிங் பேலன்ஸ். ஈஸ்ட் போட்டதும் அது சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும், அடர்த்தி இறங்கும். கடைசியில் 1.012 பக்கம் நிக்கும். இது குளோசிங் பேலன்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினா ஏறக்குறைய ஆல்கஹால் சதவீதம். 0.038 வித்தியாசம்னா 5 சதவீதம். அவ்வளவுதான், பி.காம். போதும்.

லாக்டோமீட்டரை ஏமாத்தற கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாலில் தண்ணி கலந்தா அடர்த்தி இறங்கும். ஆடையை எடுத்தா அடர்த்தி ஏறும். இரண்டையும் அளவா பண்ணினா மீட்டர் "நல்ல பால்"னு சொல்லும். மீட்டர் பொய் சொல்லலை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. இதை மனசில் வெச்சுக்கோங்க.

மாப்பிள்ளை (அக்கா பையனை நான் அப்படித்தான் கூப்பிடறது) காய்ச்சறது ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பத்து பாட்டில் வரும். ஆகஸ்ட் மாசம் போன் பண்ணினான்.

"மாமா, ஓ.ஜி. 1.050. சாஃப்ட்வேர் 1.012 வரும்னு சொல்லிச்சு. இன்னிக்கு 1.003 காட்டுது. சூப்பர் ஈஸ்ட் மாமா. டார்கெட்டைத் தாண்டிடுச்சு, நாளைக்கு பாட்டில்ல அடைச்சுடறேன். லேபர் டே லீவுக்கு ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க."

"பாட்டிலை எங்கேடா வைப்பே?"

"கிளாசெட்ல மாமா. அம்மாவோட அரிசி மூட்டை பக்கத்துல."

அக்கா அங்கே ஆறு மாசத்துக்குப் போயிருக்கா, நாலு வயசுப் பேரனைப் பார்த்துக்க. அந்த கிளாசெட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை திறக்கிறவ அவதான். பின்னாடியே பேரன் வருவான். எனக்கு அந்த 1.003 அப்பத்தான் உறைச்சுது.

முதல்ல அந்த "எதிர்பார்த்தது 1.012" எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்கணும். காஸ்டிங் படிச்சவங்களுக்கு ஸ்டாண்டர்டு காஸ்ட், வேரியன்ஸ் எல்லாம் ஞாபகம் இருக்கும். வேரியன்ஸ் வந்தா முதல் சந்தேகம் ஸ்டாண்டர்டு மேலேயே வரணும். சாஃப்ட்வேர் என்ன பண்ணுது? ஈஸ்ட் பாக்கெட்டில் போட்டிருக்கிற சராசரி, சுமார் 75 சதவீதம் தின்னும்னு எடுத்துக்கிட்டு 50ல் முக்கால்வாசியைக் கழிக்குது, 12 சொச்சம் மிச்சம். உன் அடுப்பு, உன் பாத்திரம், உன் தெர்மாமீட்டர் எதுவும் அதுக்குத் தெரியாது. ஹெட் ஆபீஸ் போடற டெபாசிட் டார்கெட் மாதிரி :-)

அடுத்தது கருவி. "உன் ஹைட்ரோமீட்டரை டிஸ்டில்டு வாட்டர்ல விட்டுப் பாருடா"ன்னேன். அதுல 20 டிகிரி செல்சியஸுக்குச் செஞ்சதுன்னு போட்டிருந்தது. அந்தச் சூட்டில் சரியா 1.000 காட்டணும். காட்டினது 0.998. கண்ணாடித் தண்டுக்குள்ள சுருட்டி வெச்சிருக்கிற காகித ஸ்கேல் கொஞ்சம் நகர்ந்தாலே இப்படி ஆகும். அப்போ ஒவ்வொரு ரீடிங்கும் 2 புள்ளி கம்மி. சரி, அன்னிக்கு அளந்த பியர் எத்தனை டிகிரி? வீட்டில் ஏசி இல்லை, கோடை, 30 டிகிரி. சூடான திரவம் விரியும், அடர்த்தி குறையும், ரீடிங் கீழே காட்டும். 20க்கும் 30க்கும் நடுவில் தண்ணிக்கே இரண்டரைப் புள்ளி வித்தியாசம். இரண்டையும் கூட்டினா உண்மையான ரீடிங் 1.003 இல்லை, 1.0075.

பாதி மர்மம் அங்கேயே போச்சு. ஆனா கவனிங்க, ஓ.ஜி.யும் இதே குச்சியில்தான் அளந்தது. அன்னிக்கு ஆற வெச்சு 20 டிகிரியில் அளந்திருக்கான், அதனால அதுக்கு 2 புள்ளி மட்டும் சேர்த்தா 1.052. ஒரு பக்கம் மட்டும் திருத்தி மறு பக்கம் விடறது ஆடிட்ல மாட்டற தப்பு. 52லேர்ந்து 7.5க்கு இறங்கினா 85 சதவீதத்துக்கு மேலே. பாக்கெட்டில் 75. இன்னும் கணக்கு இடிக்குது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். குச்சியில் நுரைக்குமிழி ஒட்டியிருந்தா அது மேலே தூக்கும், ரீடிங் அதிகமாத்தான் காட்டும். அதனால குறைஞ்ச ரீடிங்குக்குக் குமிழியைக் காரணம் சொல்றவங்க தப்பான ஆளைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

இன்னொரு சந்தேகம் பலருக்கு வரும். சர்க்கரை மொத்தமும் போனாத்தானே 1.000? அதுக்கும் கீழே போனதுன்னு சிலர் சொல்றாங்களே, அது எப்படி? ஆல்கஹால் தண்ணியை விட லேசு, அடர்த்தி 0.789. அதனால திரவத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஆல்கஹால் கீழே இழுத்துக் காட்டும். ரீடிங்கை வெச்சு 85 சதவீதம்னா உண்மையில் தின்னது சுமார் 70. இந்த வித்தியாசத்தை ப்ரூவிங் படிச்சவங்க தனியாக் கணக்குப் பண்றாங்க. நமக்கு ஒப்பிட ஒரே அளவுகோல் போதும்.

இனி சமையல். மால்ட்டை வெந்நீரில் ஊற வைக்கிற கட்டம் இருக்கே, எல்லாம் அங்கேதான். பார்லியில் இரண்டு முக்கியமான என்சைம். ஒண்ணு மாவுச்சத்துச் சங்கிலியை ஓரத்திலேர்ந்து இரண்டு இரண்டாக் கடிச்சு, ஈஸ்ட் சுலபமாத் தின்னக்கூடிய சர்க்கரையா மாத்தும். அதுக்கு 60லேர்ந்து 65 டிகிரி இதமா இருக்கும். இன்னொண்ணு நடுவில் கண்டபடி வெட்டும், 70 பக்கம் சுறுசுறுப்பு. அது விட்டுட்டுப் போற பெரிய துண்டுகளுக்கு டெக்ஸ்ட்ரின்னு பேர், சாதாரண ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. பியருக்கு உடம்பு கொடுக்கிறது அதுதான். அடுப்பு 67ல் நின்னா ஒரு ரகம், 62ல் நின்னா வேற ரகம்.

மாப்பிள்ளை 152 ஃபாரன்ஹீட்டில், அதாவது 67 டிகிரிக்கு ஒட்டி ஆரம்பிச்சு மூடி வெச்சுட்டு ஒன்றேகால் மணி நேரம் ஆபீஸ் கால்ல இருந்திருக்கான். முடிவில் பார்த்தப்போ 138, அதாவது 59. கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் மூணாவது பந்தி வரைக்கும் கொதி குறையாது, வீட்டுக் கிண்ணத்தில் ஊத்தினது அப்பளம் பொரிக்கறதுக்குள்ள ஆறிடும். சின்ன பேட்ச்சோட பெரிய சாபம் இது. 20 லிட்டர் காய்ச்சறவன் ரெசிப்பியை 4 லிட்டருக்கு வகுத்து எழுதிக்கிட்டா எடை வகுபடும், சூடு வகுபடாது. தில்லி டிசம்பரில் இட்லி மாவோட போராடின நம்ம குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே அரிசி, அதே உளுந்து, மாவு பொங்க மாட்டேங்கும்.

ஆக, குறைஞ்ச சூட்டில் ரொம்ப நேரம் ஊறினதால தின்னக்கூடிய சர்க்கரை கூடுதல், ரீடிங் இரண்டு மூணு புள்ளி கீழே. இதோட நிறுத்திக்கலாம்னு மாப்பிள்ளைக்கு ஆசை. "பார்த்தீங்களா மாமா, காரணம் கிடைச்சாச்சு. பாட்டில்?"

காரணம் ஒண்ணு கிடைச்ச உடனே ஃபைலை மூடறதைத்தான் நான் எதிர்க்கிறேன். பொருத்தமான காரணம் கிடைச்சிருக்கு, போதுமான காரணம் கிடைக்கலை. நான் கேட்டது ஒரே கேள்வி. "இதுக்கு முன்னாடி அந்த பக்கெட்டில் என்ன காய்ச்சினே?"

"ஏப்ரல்ல ஒரு சேசான்."

சேசான்கிறது பெல்ஜியம் நாட்டுப் பண்ணை வீட்டு பியர். அதுக்குப் போடற சில ஈஸ்ட் ரகங்கள் விசேஷம். நான் சொன்ன டெக்ஸ்ட்ரின் இருக்கே, அதை உடைக்கிற என்சைமைத் தானே சுரந்து வெளியில் விடும். எஸ்.டி.ஏ.1னு ஒரு ஜீன்தான் காரணம். அந்த ஈஸ்ட்டுக்கு டயஸ்டாடிகஸ்னு பேர். 1.002 வரைக்கும் இறங்கறது அதுக்கு சாதாரணம், சேசானுக்கு அதுதான் அழகும்கூட. வேணும்னே அந்த அளவுக்கு இறக்கறவங்களும் உண்டு. 2017 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பின ப்ரூட் ஐ.பி.ஏ.ன்னு ஒரு ரகத்துக்கு அந்த மாதிரி என்சைமைத் தனியா வாங்கிப் போடறாங்க. போட்டது தெரிஞ்சு இறங்கினா அது வியாபாரம். போடாம இறங்கினா? பிளாஸ்டிக் பக்கெட்டோட கீறலிலும், குழாயோட உள்பக்கத்திலும், டேப்பிலும் அது உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். இதோட குணம் அவசரமே படாது. சாதாரண ஈஸ்ட் தன் பங்கைத் தின்னுட்டுத் தூங்கின அப்புறமும், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமா, மிச்சத்தை உடைச்சுத் தின்னுகிட்டே இருக்கும்.

இது இன்னிக்கு நேத்துக் கண்டுபிடிச்சதும் இல்லை. 1952ல் டப்ளின் கின்னஸ் ப்ரூவரியைச் சேர்ந்த கில்லிலாண்டும் ஆண்ட்ரூஸும் அளவுக்கு மீறி கிராவிட்டி இறங்கற பியர்களை ஆராய்ஞ்சு கட்டுரையே எழுதியிருக்காங்க. பெரிய ப்ரூவரிக்காரங்க எழுபது வருஷமா இதை வியாதின்னு சொல்றாங்க, வீட்டில் காய்ச்சறவங்கதான் "சூப்பர் ஈஸ்ட்"னு சொல்றாங்க.

இப்போ பாட்டில் கணக்குக்கு வருவோம், அரிசி மூட்டை பக்கத்தில் இருக்கப்போற பாட்டில். பியரில் கேஸ் வர்றதுக்காக பாட்டிலில் அடைக்கிறப்போ கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாங்க. சாதாரணமா 2.4 வால்யூம், அதாவது ஒரு லிட்டர் பியரில் 2.4 லிட்டர் கேஸ் கரைஞ்சிருக்கும். அதுக்கு மேலே கிராவிட்டி இரண்டு புள்ளி இறங்கினா ஏறக்குறைய ஒரு வால்யூம் கூடும். 1.0075ல் அடைச்ச பாட்டில் உள்ளேயே 1.002 வரைக்கும் போச்சுன்னா, கூடுதலா இரண்டே முக்கால். மொத்தம் 5 வால்யூமுக்கு மேலே. சாதாரண பியர் பாட்டில் அதுக்காகச் செஞ்சதில்லை. வெடிக்கும். கண்ணாடி சிதறும். கிளாசெட் கதவைத் திறக்கிறது யாருன்னு ஏற்கனவே சொல்லிட்டேன்.

"ஏற்கனவே கீழே வந்தாச்சே, இன்னும் இறங்க என்ன இருக்கு"ன்னு மாப்பிள்ளை கேட்டான். நல்ல கேள்விதான். 1.000க்குக் கீழேயே உட்கார்ந்துட்டா, உண்மையில் பயம் குறைவு. ஆனா நம்ம ரீடிங் பொய்யா 1.003 காட்டினது 1.0075. இன்னும் இறங்க நிறைய இடம். இதுல இன்னொரு கோணம் இருக்கு, பலர் யோசிக்கிறதே இல்லை. இந்த பேட்ச் தப்பிச்சாலும் அதே பக்கெட்டில் அடுத்த பேட்ச் வரும். அது பத்தே நாளில் 1.012ல் சமர்த்தா நிக்கும். டார்கெட் சரியா வந்துருச்சுன்னு சந்தோஷமா அடைப்பான். அதுதான் குண்டு. ஆடையை எடுத்துத் தண்ணி கலந்த பால் மாதிரி, மீட்டர் அன்னிக்கு "எல்லாம் சரி"ன்னு சொல்லும்.

அதனால எஃப்.ஜி.யில் இருக்கிற "ஃபைனல்"ங்கிற வார்த்தைக்கு டார்கெட்டோட சம்பந்தமே கிடையாது. ஒரே சூட்டில், கேஸ் போக ஆட்டி எடுத்து, சில நாள் இடைவெளியில் அளந்து, இரண்டு தடவையும் ஒரே எண் வந்தாத்தான் அது ஃபைனல். சேசான் சந்தேகம் இருந்தா சில நாள் போதாது, வாரக்கணக்கு வேணும்.

இதைச் சின்ன பேட்ச்காரங்க ஏன் பண்றதில்லைன்னா, கஞ்சத்தனம். அப்படிச் சொல்றது தப்பு, கஷ்டம்னு சொல்லலாம். ஹைட்ரோமீட்டர் ஜாடி நிரம்ப 150 மில்லி வேணும். மூணு ரீடிங் எடுத்தா 450 மில்லி. அமெரிக்க பாட்டில் 355 மில்லி, ஆக ஒண்ணேகால் பாட்டில் போச்சு. 20 லிட்டர்காரனுக்கு அது தூசு. பத்தே பாட்டில் வர்றவனுக்கு வலிக்கும். அதனால முதல்ல ஒண்ணு, கடைசியில ஒண்ணு, அவ்வளவுதான் அளக்கிறாங்க. அந்தக் கடைசி ஒண்ணு மனசுக்குப் பிடிச்ச எண்ணா இருந்துட்டா கேட்கவே வேண்டாம்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட் படிச்சிருப்பீங்க. அந்த "ஸ்டூடண்ட்" யாரு? வில்லியம் கோசெட், 1899லேர்ந்து அதே கின்னஸ் ப்ரூவரியில் வேலை. சொந்தப் பேரில் எழுதாம 1908ல் ஸ்டூடண்ட்ங்கிற பேரில் கட்டுரை போட்டார். அவரோட பிரச்சினையே இதுதான்: கையில் இருக்கிறது மூணு நாலு அளவு மட்டும், அதை வெச்சு எவ்வளவு நம்பலாம்? நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது ஒரு பியர் கம்பெனிக்காரரோட சின்ன சாம்பிள் கவலைன்னு காலேஜில் யாராவது சொல்லியிருந்தா இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன்.

மாப்பிள்ளை முறைச்சுக்கிட்டாலும் காத்திருந்தான். லேபர் டேக்குக் கடையில் வாங்கின பியர்தான். முதல் ரீடிங்லேர்ந்து இரண்டு வாரம் கழிச்சு, ஃப்ரிட்ஜில் வெச்சு எடுத்து 20 டிகிரிக்குக் கொண்டு வந்து, 2 புள்ளி திருத்தம் போட்டு அளந்தது: 1.004. நாலாவது வாரம் 1.002. ஐந்தாவது வாரமும் 1.002. அடுப்புச் சூட்டில் உண்டான சர்க்கரையை எந்த ஈஸ்ட்டும் முதல் பத்து நாளில் முடிச்சிருக்கும். நாலு வாரம் இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா உள்ளே வேற ஆள் இருக்கான்.

அப்புறம் இன்னொரு கணக்கு, யாருமே போடாத கணக்கு. 1.052லேர்ந்து 1.002ன்னா 6.6 சதவீதம். அவன் நினைச்சது 5. குடிச்சா வித்தியாசம் தெரியாது, உடம்பு லேசா இருக்கிறதால இன்னும் சுலபமா உள்ளே போகும். வர்ற நண்பன் மூணு பாட்டில் குடிச்சோம்னு கணக்கு வெச்சுக்கிட்டு கார் சாவியை எடுப்பான். ரத்தத்தில் இருக்கிறது நாலு பாட்டில். விருந்துக்கு வந்தவங்களுக்குச் சரியான சதவீதம் சொல்றது காய்ச்சினவன் கடமை. தப்பான குச்சியை நம்பினா அதைச் சொல்ல முடியாது. "ருசி நல்லா இருக்கே மாமா"ங்கிற வாதம் எனக்கு எடுபடாத இடம் இது.

மறுபக்கத்தையும் சொல்லிடறேன். பொழுதுபோக்கை ஆடிட் ஆக்கறீங்க, பயமுறுத்தறீங்கன்னு சிலர் சொல்வாங்க. நியாயம்தான். போட்டது சேசான் ஈஸ்ட்னா 1.002 பார்த்து யாரும் போலீஸைக் கூப்பிட வேண்டாம். இரண்டு புள்ளி மூணு புள்ளி குறைஞ்சதுக்கு, சூடு திருத்தம் போட்டுப் பார்த்துட்டுத் தூங்கப் போகலாம். நான் பேசறது நாலைஞ்சு புள்ளிக்கு மேலே, காரணம் தெரியாம இறங்கறதைப் பற்றி. அதுக்கும் பெரிய செலவு ஒண்ணும் இல்லை. ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், ஒரு நல்ல தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. நோட்டில் தேதி, சூடு, ரீடிங், அதுக்கு முன்னாடி அந்தப் பாத்திரத்தில் இருந்தது என்ன, நாலு காலம். அந்த நாலாவது காலம் எந்த சாஃப்ட்வேரிலும் நான் பார்த்த வரைக்கும் கேட்கிறதில்லை.

அந்த பேட்ச்சைக் கனமான பாட்டிலில் அடைச்சு ஃப்ரிட்ஜிலேயே வெச்சு, 6.6னு மார்க்கரில் எழுதித் தீர்த்துட்டான். பக்கெட், குழாய், டேப் மூணும் குப்பைக்குப் போச்சு. அக்காவுக்கு பக்கெட்டைத் தூக்கிப் போட மனசே வரலை, செடி வைக்க எடுத்துக்கிட்டா. இப்போ கண்ணாடி ஜாடி. ஊற வைக்கிற பாத்திரத்தைச் சுத்தி அக்காவோட பழைய கம்பளி. இந்தத் தடவை 67ல் ஆரம்பிச்சு 65ல் முடிஞ்சுதாம். அதே மால்ட், அதே ஈஸ்ட் பாக்கெட். மாப்பிள்ளை இன்னமும் சூடுதான் முழுக் காரணம், சேசான் மேலே வீண்பழின்னு சொல்றான். இரண்டையும் ஒரே நேரத்தில் மாத்திட்டதால இந்த பேட்ச் அதுக்குத் தீர்ப்பு சொல்லாதுன்னு நான் சொல்லியிருக்கேன்.

பதினெட்டாம் நாள் திருத்தம் போட்ட ரீடிங் 1.011. வர்ற சனிக்கிழமை இன்னொரு 150 மில்லி கொடுடான்னு கேட்டிருக்கேன். முனகிக்கிட்டே சரின்னான்.